வன்னிக் குருமனைகளும் பவுல் கேளாமல் விட்ட கூலியும்

2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இலங்கையில் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிடப்பட்டபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் கிடைத்தது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ-35 வீதியால் போய்வர நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். கிளிநொச்சிப் பக்கம் குருமனையும், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளைப் பக்கம் சிறு சிறு சபைகளுமாக இருக்கும் ஒரு குருவானவர் ஒருமுறை போய்வந்தாலே வாரப் பங்கில் பாதி தீர்ந்துவிடும். ஞாயிறு ஆராதனைக்குப் போவதா, ஆஸ்பத்திரியில் கிடக்கும் கிழவியைப் போய்ப் பார்ப்பதா என்று பெற்றோலை வைத்து ஊழியத்தை அளக்க வேண்டி வந்தது. அந்தச் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்திய வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. குருமாரின் மாதப் படி அந்த வேகத்தில் ஏறவில்லை. ஏற்றித் தரும் நிலையில் சபையாரும் இல்லை. காணிக்கைப் பையில் காசு போடும் கமக்காரர்கள், 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைபட்ட பின் வந்த காலபோகத்தில் விளைச்சலை இழந்திருந்தார்கள்.

ஊழியக்காரருக்குச் சபை எவ்வளவு கொடுக்க வேண்டும், அவர் எதைக் கேட்கலாம், எதைக் கேளாமல் விடலாம் என்பது கிறிஸ்தவத்தின் வயதளவு பழைய கேள்வி. வன்னிப் பெருநிலப்பரப்பில் அது வெறும் வேதாகம வகுப்புக் கேள்வியாக ஒருநாளும் இருந்ததில்லை. குளமும் காடும் வயலும், கொட்டிலில் தொடங்கிக் கல்வீட்டுக்கு வந்து மறுபடி தறப்பாளுக்குத் திரும்பிய வாழ்க்கையும் அந்தக் கேள்விக்குள் கிடக்கின்றன.

கி.பி. 50களின் நடுப்பகுதியில் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல் இதை ஒரு வழக்கறிஞரைப் போல வாதிடுகிறார். சொந்தச் செலவில் போருக்குப் போகும் சிப்பாய் உண்டா, தோட்டம் வைத்தவன் அதன் பழத்தைத் தின்னாமல் விடுவானா, மந்தை மேய்ப்பவன் பாலைத் தொடாமல் இருப்பானா என்று அடுக்குகிறார். சூடு மிதிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்ற மோசேயின் சட்டத்தை எடுத்து வைக்கிறார். உழவு யந்திரம் வருவதற்கு முன் களத்தில் மாடு விட்டுச் சூடு மிதித்த வன்னிக் கமக்காரருக்கு இதற்கு வியாக்கியானம் தேவைப்பட்டிருக்காது. ஆலயப் பணிவிடைக்காரர் ஆலயத்திலேயே உண்பதையும், சுவிசேஷத்தை அறிவிக்கிறவர் அதனாலே பிழைக்க வேண்டும் என்ற கர்த்தரின் கட்டளையையும் கடைசியாகச் சேர்க்கிறார். வழக்கு வென்றாகிவிட்டது. அந்த இடத்தில்தான், இந்த உரிமைகளில் ஒன்றையும் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார்.

பிரசங்கிகள் பெரும்பாலும் இந்தக் கடைசி வாக்கியத்துக்கே ஓடிவிடுகிறார்கள். அதற்கு முன் உள்ள பத்துப் பன்னிரண்டு வசனங்களை அவர் ஏன் மெனக்கெட்டு எழுதினார் என்று கேட்பவர் குறைவு. பேதுருவும் கர்த்தருடைய சகோதரரும் மனைவியரோடு பயணம் செய்து சபைகளின் செலவில் உண்பதை அவர் குறை சொல்லவில்லை. அது அவர்களுக்குரியது என்று உறுதிப்படுத்துகிறார். தமக்கும் உரியதுதான் என்று நிறுவிய பிறகே தம்முடையதை மட்டும் விடுகிறார். அடுத்தவருடைய உரிமையைத் தொடவில்லை.

எல்லா இடத்திலும் அவர் விட்டதும் இல்லை. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு கூடாரம் தைத்துப் பிழைத்தார். அதே வேளை மக்கெதோனியாவிலிருந்து வந்த உதவியை ஏற்றுக்கொண்டார். தெசலோனிக்கேயில் இருந்தபோதும் பிலிப்பி சபையார் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அனுப்பியதை வாங்கினார். கொரிந்து பணக்காரத் துறைமுகப் பட்டினம். அங்கே நாவன்மை கற்பிப்போர் கட்டணம் வாங்குவதும், செல்வந்தர் வீட்டில் தங்கி அவர்களுக்கு ஏற்றபடி பேசுவதும் வழக்கமாயிருந்தன. பவுலின் கைத்தொழிலை ஆராய்ந்து ரொனால்ட் ஹொக் 1980இல் வெளியிட்ட நூல் இந்தப் பின்னணியை விரிவாகப் பேசுகிறது. யாரிடம் வாங்கினால் வாய் கட்டப்படுமோ அவரிடம் வாங்குவதில்லை என்பது பவுலின் கணக்கு. பிலிப்பியாரின் காசுக்கு அந்தக் கயிறு இல்லை.

முதலாம் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்த திதாகே என்னும் சிறுநூல் இரண்டு பக்கத்தையும் பிடித்து நிற்கிறது. ஊருக்கு வரும் அப்போஸ்தலன் மூன்று நாள் தங்கினாலோ, போகும்போது பணம் கேட்டாலோ அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்று எச்சரிக்கிறது. இரண்டு அதிகாரம் தாண்டி, ஊரில் நிலையாகத் தங்கும் மெய்யான தீர்க்கதரிசிக்குத் திராட்சரசத்திலும் தானியத்திலும் மந்தையிலும் முதற்பலனைக் கொடுக்கச் சொல்கிறது. சுரண்டுகிறவனுக்குப் பயந்து உழைக்கிறவனைப் பட்டினி போடக்கூடாது என்ற தெளிவு அன்றே இருந்திருக்கிறது.

வட இலங்கைக்கு இந்தப் பிரச்சினை புதிய வடிவில் வந்தது 1816இல், அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது. சம்பளம் பொஸ்டனிலிருந்து வந்தது. அங்கிருந்து பணம் வரும்வரை உபதேசியாரைத் தாங்குவது யார் கடன் என்று சபையார் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள் மிஷன் தரும் சிறு சம்பளத்தை விட்டு அரச உத்தியோகத்துக்குப் போனார்கள். குறை அவர்களுடையது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1855இல் மிஷன் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் வந்து பார்த்துப் போனதை அடுத்துச் செமினரி மூடப்பட்டது. தன்னைத் தானே தாங்கும், தானே ஆளும், தானே பரப்பும் சபை வேண்டும் என்பது அன்டர்சனின் கொள்கை. கல்விக்கூடத்தை மூடியதில் அவர் கண்ட ஞாயம் விவாதத்துக்குரியது. சபை தன் ஊழியரைத் தானே தாங்க வேண்டும் என்பதில் விவாதிக்க அதிகம் இல்லை.

யாழ்ப்பாணத்துச் சபையார் அதற்குமுன்பே அந்த வழியில் கால் வைத்திருந்தார்கள். 1847இல் சுதேச சுவிசேஷ சங்கத்தை அமைத்துத் தங்கள் காசில் தீவுப்பகுதிகளுக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1900இல் மாணவர் சங்கம் ஒன்று இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டிக்கு ஆள் அனுப்பியது. 1902இல் யாழ்ப்பாணம் வந்த வே. ச. அசரியா இதைக் கண்டு, தன் திருநெல்வேலிச் சபைகள் இவ்வளவு பெரிதாயிருந்தும் இப்படி ஒன்றைச் செய்யவில்லையே என்று நெஞ்சில் குத்துண்டு திரும்பினார். மறு வருடமே திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். கிராமத்து ஏழைச் சபைகளுக்குக் கொடுக்கும் பழக்கத்தைக் கற்பிப்பதில் ஆயுள் முழுக்க உழைத்தார்.

அந்தக் கொடுப்பனவின் அடித்தளம் பிடியரிசி. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து வீட்டுக்காரி ஒரு கைப்பிடி எடுத்து வேறு பானையிலோ பேணியிலோ போட்டு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அரிசி அளக்கிற கை பெண்ணுடையது என்பதால், குருவானவரின் சாப்பாட்டுக்குப் பெரும்பங்கு தந்தவர்கள் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத பெண்கள். வன்னியின் நெல் ஊர்களில் இதோடு அறுப்பின் பண்டிகையும் சேர்ந்தது. அறுவடை முடிந்த ஞாயிறு, பீடத்தடியில் நெல் மூடை, வாழைக்குலை, பூசணி, உழுந்து, பயறு, கச்சான், கால் கட்டிய சேவல் எல்லாம் வந்து நிறையும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். சந்தை விலையைவிடக் கூட்டிக் கேட்டுப் பூசணியை எடுப்பவர் காசைக் கட்டிவிட்டுப் பூசணியைத் திரும்ப ஏலத்துக்கே கொடுப்பார். ஒரே பூசணி மூன்று நான்கு பேர் கைமாறும். கையில் மாதச் சம்பளம் இல்லாத சமூகம் தன் ஊழியரைத் தாங்கக் கண்டுபிடித்த வழி இது. வருமானம் வரும் நேரம் பார்த்துக் கேட்கும் நுட்பமும் இதில் உண்டு. மாதாமாதம் காணிக்கைக் கவர் கொடுத்து வன்னிக் கமக்காரரிடம் ஒழுங்கை எதிர்பார்க்கிற நகரத்து நிர்வாகிகள் இதைக் கவனிக்கலாம்.

உரிமையை விட்டவர்களின் மரபும் இதே மண்ணில் உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து வந்த யோசேவ் வாஸ் அடிகள் கூலியாள் கோலத்தில் பிச்சை எடுத்து நடந்தார். அவருக்குப் படி தர எந்த அமைப்பும் நாட்டுக்குள் இல்லை. 2015 ஜனவரியில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். 1928இல் தோமஸ் அடிகள் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைதாசர் சபையினர் கைத்தொழிலாலும் தோட்டத்தாலும் பிழைப்பதை ஒழுங்காகக் கொண்டார்கள். அவர்களின் நெல்லிரசத்தை வடக்கில் அறியாதவர் குறைவு. தமிழ்நாட்டில் சவரிராயன் இயேசுதாசனும் ஏர்னஸ்ட் பாட்டனும் 1921இல் திருப்பத்தூரில் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமத்தில் இரண்டு மருத்துவர்கள் சம்பளமில்லாமல் வாழ்ந்தார்கள். பாட்டன் ஸ்கொட்லாந்துச் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: மணமாகாதவர்கள், தாங்களாகத் தெரிந்தெடுத்தவர்கள்.

வன்னியில் போர்க் காலத்தில் இந்தத் துறப்பு பணத்தைத் தாண்டிப் போனது. 1984 டிசம்பரில் முருங்கனில் மெதடிஸ்த குரு ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் வங்காலையில் மேரி பஸ்ரியன் அடிகள் கொல்லப்பட்டார். 2007 செப்டம்பரில் அகதிகளுக்குப் பொருள் கொண்டுபோன பாக்கியரஞ்சித் அடிகளும், 2008 ஏப்ரல் 20ஆம் திகதி ஞாயிறு பூசை முடித்து மல்லாவிப் பக்கமிருந்து திரும்பிய கருணாரத்தினம் அடிகளும் கிளைமோர்த் தாக்குதலில் இறந்தார்கள். கருணாரத்தினம் அடிகளை ஊர் ‘கிளி பாதர்’ என்றே அழைத்தது.

2008 செப்டம்பரில் ஐ.நா. நிறுவனங்களும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் அரசின் பணிப்பின்படி கிளிநொச்சியை விட்டு வெளியேறின. போகவேண்டாம் என்று மக்கள் வாசலில் நின்று கேட்டார்கள். வாகனங்கள் போயின. குருமாரும் கன்னியாஸ்திரிகளும் இருக்கத் தீர்மானித்தார்கள். அடுத்த எட்டு மாதம் அவர்கள் பங்குகளோடு கூடவே இடம்பெயர்ந்து கிழக்கே போனார்கள். 2009 ஏப்ரலில் வலைஞர்மடம் ஆலய வளாகத்தில் எறிகணை விழுந்து, நிவாரணப் பணியிலிருந்த வசந்தசீலன் அடிகள் ஒரு காலை இழந்தார். மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து மக்களோடு வெளியே வந்த சரத்ஜீவன் அடிகள் களைப்பில் சுருண்டு இறந்தார். யாழ்ப்பாணம் சென் பற்றிக்ஸ் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகள், மே 18இல் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போனார். அதன்பின் அவரைப் பற்றி ஒரு பதிலும் இல்லை.

இவர்களின் நினைவு வன்னித் திருச்சபையின் மிகப் பெரிய சொத்து. அந்த நினைவைத் தவறாகக் கையாளும் பழக்கமும் வளர்ந்திருக்கிறது. ‘அந்தக் காலத்துப் பாதர்மார் பங்கருக்குள் இருந்து பூசை வைத்தவை, இப்பத்தையவருக்குப் பெற்றோல் காசு வேணுமாம்’ என்ற பேச்சு எளிதில் வாயில் வரும். செத்தவரின் தியாகத்தைக் காட்டி உயிரோடிருப்பவரின் சோற்றைக் குறைப்பதில் பக்தி எதுவும் இல்லை. முள்ளிவாய்க்காலில் நின்றவர்கள் தங்களுடையதைத் தாங்களே கொடுத்தார்கள். குருவானவருடைய பங்கைச் சபைக் கூட்டத்தில் கையுயர்த்தி விட்டுக்கொடுக்க எவருக்கும் அதிகாரமில்லை.

புரட்டஸ்தாந்த குருமனையில் இந்த அநீதி இரட்டிப்பாகும். அங்கே மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர் விட்ட உரிமைக்கு அவர்கள் விலை கொடுக்கிறார்கள். பிள்ளையின் ரியூசன் காசுக்கு மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போவதை ஊழியத்தின் மகிமை என்று பாடுவது கொடுமை. பேதுருவின் மனைவிக்குரிய சாப்பாட்டைப் பவுல் மறக்கவில்லை. சபைகள் மறக்கின்றன.

அமைப்புகளைப் பார்த்தால் கத்தோலிக்க ஒழுங்கு எழுத்தில் தெளிவானது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 281ஆம் சட்டம் குருவுக்குத் தகுந்த ஊதியமும் நோய், முதுமைக் காலப் பாதுகாப்பும் உரியவை என்கிறது. அடுத்த சட்டமே எளிய வாழ்வைக் கேட்கிறது. மிஞ்சுவதைத் திருச்சபைக்கும் ஏழைகளுக்கும் கொடுக்கத் தூண்டுகிறது. உரிமையும் துறப்பும் பக்கத்துப் பக்கத்தில். பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயலும் தட்டக்கூடாது என்பது 947. ஒரு நாளில் எத்தனை பூசை வைத்தாலும் ஒன்றின் காணிக்கையைத்தான் தனக்கென எடுக்கலாம், கிறிஸ்மஸ் நாள் மட்டும் விலக்கு, என்பது 951. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ். மறைமாவட்டத்துக்குள்ளும், வவுனியா 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்துக்குள்ளும் இருப்பதால், காசுள்ள பங்கும் காசில்லாத பங்கும் ஒரே கூரையின்கீழ் வருகின்றன. மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபைகளிலும் சபை சபையாகக் கூலி பேசாமல் பொதுவில் சேர்த்துப் பகிர்வதே மரபு. இதன் பலன் பெரிது. யாழ்ப்பாண நகரச் சபையின் காணிக்கை ஒட்டுசுட்டான் குருமனைக்கும் அடுப்பெரிக்கும். ஆனாலும் ஒரே அளவுப் படி எல்லோருக்கும் ஒரே வாழ்வைத் தருவதில்லை. அரச ஆசிரியர்களுக்குக் கஷ்டப் பிரதேசப் பாடசாலை என்றொரு வகுப்பு உண்டு. தூரமும் வெயிலும் பெற்றோலும் கூடிய சேகரங்களுக்கு அப்படியொரு மேலதிகப் படியைத் திருச்சபைகள் எழுத்தில் வைப்பது நியாயம்.

மிகவும் நிர்க்கதியாக நிற்பவர்கள் சுயாதீன சபைகளின் பாஸ்டர்மார். 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும், போருக்குப் பின் மெனிக்பாம் அகதி முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களும் உள்ள ஊர்களில் தகரக் கொட்டில் போட்டு ஊழியம் தொடங்கியவர்கள் அவர்கள். மேலே ஆதீனம் இல்லை, சேமநிதி இல்லை. மேசன் வேலைக்கோ தோட்டத்துக்கோ போய் மாலையில் செபக்கூட்டம் வைப்பவர்கள் பவுலின் கூடாரத் தொழிலுக்கு மிகக் கிட்ட நிற்கிறார்கள்.

இதே வட்டத்தில்தான் எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. போருக்குப் பின் வன்னிப் பெண்கள் நுண்கடனில் மூழ்கியது நாடறிந்த கதை. 2018இல் அரசு வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யுமளவுக்கு அது முற்றியிருந்தது. கிழமைக் கட்டுக்காசுக்கு அல்லாடும் ஒரு பெண்ணிடம் தசமபாகம் தராவிட்டால் சாபம் என்று ஒருவர் பிரசங்கித்தால், அவர் எடுக்கும் காசு இரண்டாவது கடன்காரன் எடுக்கும் காசு. கொரிந்தியருக்குத் தம் உரிமையை நிறுவ அத்தனை சான்று கொண்டுவந்த பவுல் அந்த அதிகாரத்தில் தசமபாகத்தை ஒருமுறையும் எடுக்கவில்லை. கொடுப்பதைப் பற்றி இரண்டாம் நிருபத்தில் விரிவாகப் பேசும்போது இருப்பதற்கு ஏற்றபடி, மனம் விரும்பினபடி என்பதோடு நிறுத்துகிறார். உரிமையை விட வேண்டிய இடம் இதுதான். ஊழியர் இங்கே கையை மடக்கிக்கொள்ள வேண்டும்.

கையை மடக்கினால் அவர் எதால் பிழைப்பது? வெளிநாட்டுக் காசு என்பது உடனே வரும் பதில். ரொறன்ரோ, இலண்டன், சூரிச் என்று பரந்திருக்கும் உறவுகள் ஊர்க் கோயிலுக்குத் தாராளமாக அனுப்புகிறார்கள். அனுப்புவது பெரும்பாலும் கட்டடத்துக்கு, கோபுரத்துக்கு, ஒலிபெருக்கிக்கு. பெயர் பொறித்த கல் பதிக்க அங்கே சுவர் உண்டு, குருமனைச் சாப்பாட்டில் பெயர் பொறிக்க முடியாது. தனி ஆளுக்கு அனுப்பினாலோ அனுப்புகிறவரின் விருப்பு வெறுப்பு கூடவே வரும், கொரிந்துவில் பவுல் அஞ்சிய கயிறு அது. அரசியல் ஆபத்தும் உண்டு. 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்சி கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம், பொருளாசை காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டின் மேல் எழுந்தது. உயர் நீதிமன்றம் அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்றது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. பாஸ்டருக்கு எங்கிருந்து காசு வருகிறது என்று அயலவர் கேட்டால், உள்ளூர்ச் சபையாரின் பிடியரிசிக் கணக்கைவிட நல்ல பதில் வேறில்லை.

எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்பதற்கு ஓர் உள்ளூர் அளவுகோல் உண்டு. சபை நடுவில் நிற்கும் ஒரு சாதாரணக் குடும்பம், பாடசாலை ஆசிரியரின் வீடு என்று வைத்துக்கொள்ளலாம், அதைப்போல் குருமனையும் வாழ வேண்டும். பெற்றோல் ஊழியச் செலவு, அதைச் சாப்பாட்டுக் காசோடு சேர்த்து எண்ணக்கூடாது. கணக்கு வருடக் கூட்டத்தில் எழுத்தில் வைக்கப்பட வேண்டும், குருவானவர் அறைக்கு வெளியே இருக்கும்போது. கேட்கும் வெட்கத்தை அவர் தலையில் சுமத்தாமல் கொடுக்கும் கடனைச் சபையார் தங்கள் தலையில் எடுத்தால், எதை விடுவது என்ற தீர்மானம் அவர் கையில் சுதந்திரமாக இருக்கும்.

எல்லாத் திட்டங்களிலும் விடுபட்டுப் போவது முதுமை. மணமான குரு நான்கைந்து வருடத்துக்கொரு சேகரமாக மாறி, ஆயுள் முழுக்கக் குருமனையில் குடியிருந்து, ஓய்வு நாளில் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்குகிறார். போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா கொடுத்தது. காணியும் ஊரில் நிலையான குடியிருப்பும் உள்ள குடும்பங்களை மனதில் வைத்து வகுத்த திட்டம் அது. ஊர் ஊராய் மாறியவருக்கு அப்படி ஒரு ஊரே இல்லை. வன்னியில் காணி இன்னும் யாழ்ப்பாண விலைக்கு ஏறவில்லை. சேகரங்கள் கூடிப் பரப்புக் கணக்கில் காணி வாங்கி, ஓய்வு பெற்ற குருமாருக்கும் விதவைகளான அவர்கள் மனைவியருக்கும் சிறு வீடுகள் கட்ட இது தகுந்த காலம். புலம்பெயர்ந்தவர்களின் அடுத்த கட்டட நிதியை அங்கே திருப்பலாம். சுயாதீன சபைகளின் பாஸ்டர்மாரையும் அந்தக் காணியில் சேர்ப்பதா என்பதைத் திருச்சபைகள் கூடிப் பேச வேண்டும். முள்ளிவாய்க்காலில் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்த சபைகளுக்கு அந்தப் பேச்சு கடினமாயிராது.